பிரபவவா, பிரமோதூதவா? ஒரு பழம்படமும் அதிலுள்ள காரும்

பழைய குடும்பப் படம் ஒன்றிற்கு ஆண்டு குறிப்பது, பழைய நூலொன்றிற்குக் காலம் கணிப்பதினும் எளிது என்று கருதுவோர் பலர். படத்தில் இருப்பவரை அறிந்தவர் வீட்டிலேயே இருப்பர், கேட்டால் சொல்லிவிடுவர் என்பது அவர்கள் எண்ணம். நம் பட்டறிவு அதற்கு நேர்மாறானது. நூலில் ஆசிரியனை அறியாமலே காலத்தை ஓரளவு நிறுவிவிடலாம். சொல்லாட்சி உண்டு, யாப்பு உண்டு, பிற நூலார் எடுத்தாண்ட இடங்கள் உண்டு. படத்திலோ, குடும்பத்தார் சொல்லும் கதை முன்னே வந்து நின்றுவிடுகிறது. அக்கதையை நம்பித் தொடங்கினால் படத்தில் உள்ளவை அனைத்தும் அதற்கேற்பவே நம் கண்ணுக்குத் தோன்றும்.

ஆகவே, கதை கேளாத சாட்சி ஒன்று படத்திற்குள் இருந்தால் அதனிடம் முதலில் செல்வது நல்லது. 1920-க்குப் பிந்திய செல்வர் வீட்டுப் படங்களில் அத்தகைய சாட்சியாகப் பெரும்பாலும் நிற்பது கார். அந்நாளைய நாட்டுப்புற வழக்கில் அதற்குப் 'பிளசர்' என்று பெயர். வேட்டியும் சேலையும் நகையும் பத்தாண்டுகளில் பெரிதும் மாறுவதில்லை. அக்கால அமெரிக்கக் கார்கள் ஈராண்டுக்கொரு முறை முகம் மாற்றிக்கொண்டன. இம்மாற்றங்களுக்கு ஆலையின் பதிவுகளும் விளம்பரங்களும் சான்றாக இருக்கின்றன.

இத்தகைய ஒரு படம் அண்மையில் நம் பார்வைக்கு வந்தது. காரைக்குடிக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் வீட்டு வளவில், பல்லாண்டுகளாகத் தொங்கும் படம். வீட்டின் முகப்பிற்கு எதிரே மேற்கூரை மடக்கும் திறந்த கார் ஒன்று நிற்கிறது. நண்பரின் ஐயா, அதாவது தந்தையைப் பெற்ற பாட்டனார், ஃபுட்போர்டில் ஒரு காலை ஊன்றி நிற்கிறார். முன்சக்கரத்தைப் பற்றியபடி ஒரு பெண்குழந்தை. காரின் பின்னிருக்கையில், மேற்கூரையின் நிழலில், ஒரு பெண்மணி. அவர் முகம் அசைந்துவிட்டது. படம் எடுத்த நொடியில் குழந்தையின் பக்கம் திரும்பியிருக்கக்கூடும். மூக்கு, கண் ஒன்றும் தெளிவில்லை. ஒளிப்படக்காரர் 'அசையாதீர்கள்' என்று சொன்னதை முற்றாகக் கேட்டு நடந்தது அந்தக் கார் மட்டுமே போலும்.

பின்னட்டையில் பென்சிலால் ஆண்டு எழுதியிருக்கிறார்கள். பசையும் பூச்சியும் தின்றது போக எஞ்சியவை 'பிர' என்னும் இரண்டெழுத்துகளே.

குடும்பத்தார் அதனைப் 'பிரபவ' என்று வாசித்தனர். பிரபவ என்பது 1927 ஏப்ரல் தொடங்கி 1928 ஏப்ரல் முடிய உள்ள ஆண்டு. அவ்வாறு வாசித்ததற்குக் காரணம் உண்டு. ஐயாவுக்கு இரண்டு மணம். மூத்த அப்பத்தா, பிரபவவுக்கு அடுத்த விபவ ஆண்டு ஆடியில், அதாவது 1928-இல், காலமானார். அவர் விட்டுச்சென்ற ஒரே மகள் நண்பரின் பெரிய அத்தை. தாயை இழந்தபோது அவருக்கு மூன்று வயது நிறையவில்லை. மூத்த அப்பத்தாவுக்கு வேறு படம் இல்லை. எனவே காருக்குள் இருப்பவர் அவரே என்பது அவ்வீட்டில் ஐயத்திற்கு இடமில்லாத செய்தி. அத்தை 2009-இல் மறையும் வரை, ஊருக்கு வரும்போதெல்லாம் அப்படத்தின் முன் விளக்கேற்றி வணங்கினார். இப்போது குடும்ப வரலாற்றைச் சிறு நூலாக அச்சிட எண்ணியிருக்கிறார்கள். படத்தின் அடியில் பெயரும் ஆண்டும் போட வேண்டும். அதற்காகவே நண்பர் நம்மை நாடினார்.

'பிர' என்று தொடங்கும் ஆண்டுகள் அறுபதில் ஐந்து உள்ளன. பிரபவ (1927), பிரமோதூத (1930), பிரசோற்பத்தி (1931), பிரமாதி (1939), பிரமாதீச (1973). கடைசியாக உள்ளதைத் தள்ளிவிடலாம். ஐயா அப்போது உயிருடன் இல்லை. எஞ்சிய நான்கில் எது என்பதே கேள்வி. பர்மா நினைவும் உதவவில்லை. நகரத்தார் கொண்டுவிக்கப் போகும் முறையில் மேலாளின் கணக்கு மூன்றாண்டுக் கணக்கு. ஐயா 1927-இல் ஒரு கணக்கு முடித்துத் திரும்பினார், 1930-இல் மறு கணக்கு முடித்துத் திரும்பினார். 'பர்மாவிலிருந்து வந்த கையோடு எடுத்த படம்' என்னும் வாய்மொழி இரண்டுக்கும் பொருந்தும்.

இனிக் காரைக் காண்போம்.

முதலில் தெளிய வேண்டியது, படம் இடவலமாக மாறி அச்சானதா என்பது. கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சிட்டுவிடுவது அந்நாளில் அரிதன்று. நம் நாட்டுக் கார்களுக்கு ஸ்டீரிங் வலப்புறம். இப்படத்திலும் அது வலப்புறமே இருக்கிறது, ஆகவே படம் நேரானது. இணையத்தில் ஒப்பிடக் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கார்களுடையவை, இடப்புற ஸ்டீரிங் கொண்டவை. ஒப்பிடுவோர் இதை மறந்து குழம்புவதைக் கண்டிருக்கிறோம். பிரிட்டன் நீங்கலாகப் பேரரசின் ஏனைய நாடுகளுக்கு ஃபோர்டு கார்களை அனுப்பியது அதன் கனடாக் கிளை. அக்கிளையின் துணை நிறுவனமாகவே 1926-இல் இந்திய ஃபோர்டு தோன்றிப் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுக நகரங்களில் இயங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் செவர்லே கார்களைப் பூட்டத் தொடங்கியது. ஆகையால் 1920-களின் பிற்பகுதித் தமிழ்நாட்டுப் படம் ஒன்றில் திறந்த அமெரிக்கக் காரைக் கண்டால், முதலில் இவ்விரண்டில் எது என்று பார்ப்பதே முறை. சென்னையில் முதன்முதல் கார் ஓட்டியவர் பாரி நிறுவன இயக்குநர் யார்க் என்றும், ஆண்டு 1901 என்றும் கூறுவர். அதிலிருந்து முப்பதாண்டுக்குள் செட்டிநாட்டுத் தெருவில் கார் நின்றதில் வியப்பில்லை.

அடுத்தது சக்கரம். மரக்கட்டை ஆரங்கள் கொண்ட சக்கரமா, கம்பி ஆரங்கள் கொண்டதா? 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு மாடல் டி, பெரும்பாலும் மரச்சக்கரத்தில் ஓடியது. கடைசி ஓரிரு ஆண்டுகளில்தான் கம்பிச் சக்கரமும் கிடைத்தது. அடுத்து வந்த மாடல் ஏ முழுக்கக் கம்பிச் சக்கரம் பூண்டது. நம் படத்தில் கம்பிச் சக்கரம். மட்கார்டின் ஓரம் ஒரு ஸ்டெப்னியும் இருக்கிறது. இச்சொல்லைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் கடக்க மனமில்லை. வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த கடைக்காரர்கள் 1904 அளவில் விற்கத் தொடங்கிய மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. ஆங்கிலேயரே மறந்துவிட்ட சொல்லை நம்மூர் மெக்கானிக்குகள் நாள்தோறும் வழங்கிவருகின்றனர்.

காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்குச் சற்று முன்னால், காரின் முதுகின் நடுவே ஒரு சிறு மூடி தெரிகிறது. அது பெட்ரோல் ஊற்றும் வாய். மாடல் ஏ காரில் பெட்ரோல் தொட்டி எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையில் உயரமாக அமைந்தது. பம்பு இல்லாமல் தன் எடையாலேயே பெட்ரோல் இறங்கும். முன்னால் இரட்டைப் பட்டை பம்பர். ரேடியேட்டரின் உச்சியில் நீள்வட்டச் சின்னம். எழுத்துகள் தெரியவில்லை, ஆயினும் வடிவம் போதும். இம்மூன்றும் சேர்ந்தால் மாடல் ஏ என்பதில் ஐயமில்லை.

இந்த இடத்திலேயே குடும்பக் கதை ஆட்டம் காண்கிறது. மாடல் ஏ உலகிற்கு அறிமுகமானது 1927 டிசம்பர் 2. பிரபவ ஆண்டு 1928 ஏப்ரல் நடுவில் முடிந்துவிடுகிறது. அந்த நான்கரை மாதத்துக்குள் கடல் கடந்து ஒரு கார் காரைக்குடிக்கு வந்திருக்குமா என்று வாதிடலாம். நண்பரின் உறவினர் ஒருவர் அவ்வாறே வாதிட்டார். வாதத்தை முடித்துவைத்தது ரேடியேட்டர்.

1928, 1929-ஆம் ஆண்டு மாடல் ஏ கார்களின் ரேடியேட்டர் சற்றுக் குட்டையானது. அதன் பளபளப்பான உறையின் மேல்விளிம்பு நடுவில் கீழ்நோக்கிக் கூராக இறங்கும். சக்கர வளையம் 21 அங்குலம். 1930-இல் ஃபோர்டு நிறுவனம் காரின் முகத்தை மாற்றியது. ரேடியேட்டர் உயர்ந்தது, உறை துருப்பிடிக்காத எஃகினால் ஆனது, பானெட்டின் கோடு ரேடியேட்டர் முதல் கண்ணாடி வரை தடையின்றி ஓடியது, மட்கார்டுகள் அகன்றன, சக்கர வளையம் 19 அங்குலமாகச் சுருங்கி டயர் தடித்தது. 1931-இல் மீண்டும் ஒரு சிறு மாற்றம். ரேடியேட்டர் உறையின் மேற்பகுதியில் வண்ணம் தீட்டிய ஒரு பகுதி வந்தது. நம் படத்தில் உயர்ந்த ரேடியேட்டர், தடித்த டயர், வண்ணப் பகுதியற்ற உறை. இது 1930-ஆம் ஆண்டின் முகம். இரண்டாண்டு முன்னதாக மறைந்த ஒருவர் அதில் அமர்ந்திருக்க இயலாது.

வண்ணம் பற்றியும் கேட்டார்கள். 'கறுப்புப் பிளசர்' என்பது வீட்டு வழக்கு. கறுப்பு என்றால் பழைய மாடல் டி அல்லவா என்பது அவர்தம் ஐயம். மாடல் டி கறுப்பிலேயே வந்தது 1914 முதல் 1925 வரைதான். மாடல் ஏ பல வண்ணங்களில் வந்தது. அன்றியும், அக்காலத்தில் பரவலாக வழங்கிய தகடுகள் செந்நிறத்தை உணரா. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். பெண்கள் நெற்றியில் குங்குமம் கரியாகத் தெரிவது இதனால்தான். ஆகவே வண்ணத்தைக் கொண்டு ஒன்றும் முடிவு செய்ய இயலாது. படத்தைப் பார்த்துப் பார்த்தே 'கறுப்பு' என்ற நினைவு உண்டாகியிருக்கலாம்.

படத்தின் அடியிலுள்ள குறிப்பை வைத்துக் காரைக் காணாமல், காரை வைத்துக் குறிப்பைத் திருத்தியதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று பிரான்சில் உண்டு. 1894-இல் பிறந்த ழாக் ஆன்ரி லார்த்திக், சிறுவயது முதலே தம் குடும்பத்தையும் கார்ப் பந்தயங்களையும் படம் பிடித்து ஆல்பங்களில் ஒட்டிவைத்தவர். 1963-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்த பின்னரே உலகம் அவரை அறிந்தது. அவற்றுள் ஒரு பந்தயக் கார்ப் படம் பெரும்புகழ் பெற்றது. சக்கரம் முட்டை வடிவாக முன்னோக்கிச் சாய, வேடிக்கை பார்ப்போர் பின்னோக்கிச் சாய்ந்து தோன்றுவர். ஷட்டரின் சிறு பிளவு தகட்டின் மீது நகரும் நேரத்திற்குள் கார் நகர்ந்துவிட்டதும், காரைத் தொடர்ந்து லார்த்திக் கேமராவைத் திருப்பியதும் இதற்குக் காரணங்கள். 'டெலாஜ் கார், 1912' என்பது பல்லாண்டுகளாக அதனடியில் அச்சான குறிப்பு. காரின் 6 என்னும் எண்ணையும் வடிவையும் பந்தயப் பதிவுகளுடன் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அது குரோக்கே என்பவர் ஓட்டிய ஷ்னைடர் கார் என்றும், 1913 ஜூலை 12-இல் அமியான் நகரருகே நடந்த பந்தயம் என்றும் கண்டனர். எடுத்தவரே உயிருடன் இருந்தும், அவர் ஆல்பத்திலிருந்தே வந்தும், குறிப்பு தவறியிருக்கிறது. நம் செட்டிநாட்டு வீட்டார் மூன்றாண்டு தவறியதற்கு நாணவேண்டியதில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்தயக் காருக்கு ஒரே நாள்தான் சான்று. வீட்டுக் கார் பல்லாண்டு ஓடும். 1930-இல் செய்த கார் 1931-இலும் நிற்கும், 1939-இலும் நிற்கும். நூலின் காலத்திற்கு மேலெல்லை கிடைத்தால் கீழெல்லை கிடைத்ததாகாது என்பது போல, கார் 'இதற்கு முன் இல்லை' என்று மட்டுமே சொல்லும். எதுவரை என்று சொல்லாது. கார் ஐயாவுடையதுதானா என்பதையும் அது சொல்லாது. முதலாளி வீட்டுக் காராகவும் இருக்கலாம். ஐயா மேலாளாக இருந்தவர். எண்பலகை தெரிந்திருந்தால் கார் எப்பகுதியில் பதிவானது என்பதேனும் தெரிந்திருக்கும். ஓட்டுநர் அதன் முன்னால் நின்றுவிட்டார், அவர் வேட்டிக்கு மேலாக ஓர் இலக்கத்தின் வளைவு தெரிவதோடு சரி. 'எங்கள் முதல் கார்' என்று நூலில் எழுதுவதைத் தவிர்க்குமாறு நண்பரைக் கேட்டுக்கொண்டோம்.

கீழெல்லைக்கும் காரே உதவியது, வேறு வழியில். 19 அங்குல வளையத்தில் நாலேமுக்கால் அங்குலத் தடிமனுள்ள டயர் பூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் 28½ அங்குலம். கார் சற்றுச் சாய்வாக நிற்பதால் சக்கரம் நீள்வட்டமாகத் தோன்றினாலும் அதன் நிற்கும் விட்டம் குறைவதில்லை. ஆகவே சக்கரமே நமக்கு அளவுகோல். குழந்தை அதே சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் தொலைவு வேறுபாடும் இல்லை. அளந்து பார்த்ததில் குழந்தையின் உயரம் சக்கரத்தைப் போல் ஒன்றரை மடங்கு. அதாவது ஏறத்தாழ 43 அங்குலம், மூன்றரை அடிக்குச் சற்று மேல். இரண்டு வயதுக் குழந்தை இந்த உயரம் இராது. பதினான்கு வயதுப் பெண்ணும் அன்று. ஐந்து, ஆறு வயதுக்குரிய உயரம் இது.

அத்தை பிறந்தது குரோதன ஆண்டு ஆவணி, 1925. ஐந்து வயது நிறைவது 1930 ஆவணியில். அது பிரமோதூத ஆண்டு. அடுத்த பிரசோற்பத்தியில் ஆறு. இரண்டில் ஒன்றைத் தேர்வதாயின் பிரமோதூதவையே கொள்ள வேண்டும் என்பது நம் முடிபு. ஐயா பர்மாவிலிருந்து திரும்பியது அந்த ஆண்டில். மேலும் 1930-இன் இறுதியில் பர்மாவில் நெல்விலை சரிந்தது. வாங்கிய கடனைத் திருப்ப இயலாத உழவரின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலவுடைமை 1937-இல் 25 விழுக்காடாயிற்று. காகிதத்தில் செல்வம், கையில் பணமின்மை. கார் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மனநிலை 1931-இல் எத்தனை மேலாள்களுக்கு இருந்திருக்கும்?

எஞ்சியது காருக்குள் இருக்கும் பெண்மணி. ஐயாவின் இரண்டாம் மணத்து இசைகுடிமானம் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. சுக்கில ஆண்டு தை மாதம், அதாவது 1930-இன் தொடக்கம். படம் எடுத்தபோது இளைய அப்பத்தா மணமாகி ஓராண்டு நிறையாதவர். காருக்குள் இருப்பவர் அவரே என்று நண்பர் உடனே முடிவு கட்டிவிட்டார். நாம் அவ்வளவு விரையவில்லை. மூத்த அப்பத்தா அன்று என்பதைக் கார் உறுதியாகச் சொல்கிறது. இன்னார் என்று சொல்லவில்லை. ஐயாவின் உடன்பிறந்தாராகவும் இருக்கலாம். ஓர் ஆசிரியர் பெயரை நீக்கியவுடன் அடுத்த பெயரை எழுதிவிடும் பழக்கம் நம் இலக்கிய வரலாற்றில் விளைத்த குழப்பங்கள் நமக்குத் தெரியும்.

அத்தையின் நினைவு ஒன்றையும் நண்பர் சொன்னார். 'டயரு வெயில்ல சுட்டுச்சு. ஆத்தா உள்ளேருந்து, கைய எடு ஆத்தான்னுச்சு' என்று அவர் பலமுறை கூறியிருக்கிறாராம். இரண்டு வயதில் நடந்தது நினைவிருக்குமா என்று வீட்டார் அதைப் பொருட்படுத்தவில்லை. சக்கரத்தின் அளவு அத்தையின் பக்கம் நிற்கிறது. அவருக்கு வயது ஐந்து, நினைவில் நிற்கக் கூடிய வயது. டயரும் சுட்டிருக்கும், குரலும் கேட்டிருக்கும். இளைய அப்பத்தாவைப் பிற்காலத்தில் அவர் 'சின்னாத்தா' என்றே அழைத்தார். அந்த முதல் ஆண்டில் எவ்வாறு அழைத்தார் என்பதைச் சொல்ல இன்று எவரும் இல்லை.

செய்தியைக் கேட்டதும் குடும்பத்தில் சிறு பூசல் எழுந்தது. அத்தையின் மக்கள், அம்மா வணங்கிய படத்தைக் கார்க்கணக்குப் போட்டு மாற்றுவதா என்று வருந்தினர். இளைய அப்பத்தாவின் வழியினர் அவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றனர். இரு பெயரும் வேண்டாம், 'பெயர் தெரியவில்லை' என்று போடுங்கள் என்பது நாம் தந்த கருத்து. ஆண்டைப் பொறுத்தவரை நம் சொல்லை ஏற்றனர். பெயரில் ஏற்கவில்லை. நண்பர் அனுப்பிய அச்சுப்படியில் படத்தின் அடியில் உள்ளது இது: 'பிரமோதூத ஆண்டு (1930–31). ஃபோர்டு காருடன் ஐயா, பெரிய அத்தை. உள்ளே ஆத்தா.'